சபைக் கணக்கில் குறை கண்டால் யாரிடம், எப்படிப் பேசுவது

சபைப் பணத்தில் ஏதோ சரியில்லை என்று தெரிந்ததும் நம்மில் பலர் "கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்று வாயை மூடிக்கொள்கிறோம். சிலர் அன்று இரவே வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிடுகிறார்கள். மூடிக்கொண்டவரால் சபை ஏமாறுகிறது. போட்டு உடைத்தவரால் சபை பிளக்கிறது, பணமும் திரும்பி வருவதில்லை.

தன்னைக் கொல்லத் தேடிய ராஜாவாகிய சவுலிடம் தாவீது எங்கேதி குகையில் செய்ததை (1 சாமுவேல் 24) ஒவ்வொரு அடியாகப் பாருங்கள். சவுல்மேல் கைபோடவில்லை. ஆனால் சால்வையின் ஓரத்தை அறுத்து வைத்துக்கொண்டான். சவுல் வெளியே போனதும் பின்னாலேயே வந்து, முகங்குப்புற விழுந்து வணங்கி, துணியைக் காட்டி, "என் தகப்பனே" என்று அழைத்து நேருக்கு நேராகவே கேட்டான். மரியாதை குறையவில்லை, ஆதாரம் கையில் இருந்தது, பேச்சு உரியவரிடமே போனது. சபைக் கணக்கு விஷயத்திலும் இதே வரிசைதான் செல்லும். கீழே உள்ளவை சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), லுத்தரன் சேகரங்களை (ஓர் ஆயரின் கீழ் உள்ள சபைப் பகுதிகளை) மனதில் வைத்து எழுதியவை. கத்தோலிக்கப் பங்கில் கமிட்டி என்ற இடத்தில் பங்கின் நிதிக்குழு என்றும், தனிச் சபையில் டிரஸ்ட் நிர்வாகிகள் என்றும் வைத்துக்கொள்ளலாம்.

முதலில் உங்கள் பக்கத்தைச் சரிசெய்யுங்கள்

சந்தா பாக்கி இருந்தால் இன்றே கட்டி ரசீது வாங்குங்கள். கேள்வி கேட்டவர் முழு அங்கத்தினரே இல்லை என்று சொல்லி முதல் கூட்டத்திலேயே உட்காரவைத்துவிடுவார்கள். வீட்டில் கல்யாணம் வைத்திருந்தால் அதையும் யோசியுங்கள். ஓலை வாசிப்பு (ஆலயத்தில் வாசிக்கும் கல்யாண அறிவிப்பு), ஞானஸ்நானச் சான்றிதழ், கல்லறைத் தோட்டத்தில் இடம் ஆகிய மூன்றும்தான் ஒரு குடும்பத்தை வாயடைக்கச் செய்கிற நெருக்கடிகள். தேவையான சான்றிதழ்களை முன்கூட்டியே வாங்கி வைப்பதில் தந்திரம் எதுவும் இல்லை. கணவனிடமோ மனைவியிடமோ முன்பே சொல்லிவிடுங்கள். பெண்கள் ஐக்கியத்தில் முகத்தைத் திருப்பிக்கொள்வதை முதலில் தாங்கப்போகிறவர் அவர்தான். அவர் சம்மதிக்காமல் ஆரம்பித்தால் பாதியில் நிற்கும்.

சபைத் தேர்தல் நெருங்கும் மாதங்களில் தொடங்காதீர்கள். உண்மையே பேசினாலும் எதிரணியின் ஆள் என்றுதான் காதில் விழும். அதே காரணத்தால், போன தேர்தலில் தோற்றவர் தானாகக் கொண்டுவந்து தரும் ஆவணத்தை வைத்து மட்டும் இறங்காதீர்கள்.

திருட்டா, குழப்பமா என்று பிரித்துப் பாருங்கள்

இந்த வேலையில் பொறுமை இல்லாததால்தான் பல நல்ல மனிதர்கள் பொய்க் குற்றம் சாட்டியவர்களாக ஆகிறார்கள். உதாரணத்துக்கு அறுப்பின் பண்டிகையில் காணிக்கைப் பொருட்களை விடும் ஏலத்தை எடுத்துக்கொள்வோம். ஏல நோட்டில் மொத்தம் 1,84,500 ரூபாய். பேங்க் பாஸ்புக்கில் ஏறியது 1,41,000. வித்தியாசம் 43,500. பார்த்தவுடன் நெஞ்சு பதறும். ஆனால் நோட்டைப் பெயர்வாரியாகப் புரட்டினால் ஏலம் எடுத்துப் பணம் கட்டாதவர்களின் பாக்கி 12,000 இருக்கலாம். பந்தல்காரருக்கும் மைக் செட்டுக்கும் கையிலிருந்தே கொடுத்த 9,500க்கு வவுச்சர் இருக்கலாம். ஆக, கேள்விக்குரிய தொகை 22,000. நீங்கள் பேசப்போகும் எண் அதுதான். 43,500 என்று சொல்லிவிட்டால், அதில் ஏறக்குறைய பாதிக்குக் கணக்கு காட்டுவார்கள், மீதியையும் யாரும் கேட்கமாட்டார்கள்.

வசூலான பணத்தைப் பேங்கில் போடாமல் கையிலிருந்தே செலவழிப்பது தவறான பழக்கம். திருத்தவேண்டியதுதான், ஆனாலும் அதைத் திருட்டு என்று சொல்லக்கூடாது. கட்டட நிதியிலிருந்து ஊழியர் சம்பளத்துக்கு எடுத்ததும் அப்படித்தான். கமிட்டித் தீர்மானம் உண்டா, திருப்பி வைக்க நாள் குறித்தார்களா என்று பாருங்கள். திருமண்டலத்துக்கு (பேராயரின் கீழ் உள்ள சபைகளின் அமைப்புக்கு) அனுப்பும் பங்குத் தொகை, இன்னும் பணமாகாத காசோலை, பில் வராத முன்பணம் ஆகியவையும் பார்வைக்கு ஓட்டைபோலத் தெரியும்.

உண்மையில் பணம் ஒழுகும் இடங்கள் வேறு. ஞாயிறு காணிக்கைப் பையைப் பலர் பார்க்கிறார்கள், அங்கே பெரும்பாலும் பிசகாது. வீட்டு ஜெபங்களில் கையில் கொடுக்கும் ஸ்தோத்திரக் காணிக்கை, ரசீது போடாத கல்லறைக் கட்டணம், சபை ஹால் வாடகை, தனிநபரின் செல்போன் எண்ணுக்குப் போகும் ஜிபே காணிக்கை ஆகியவற்றைப் பாருங்கள். சபைப் பெயரில் கணக்கு இல்லாமல் ஒருவரின் எண்ணுக்குப் பணம் போகிறது என்றால், அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் அதை நிறுத்தச் சொல்லவேண்டும்.

தனியாகப் போவது

மத்தேயு 18:15 சொல்வது முதலில் நீயும் அவனும் தனித்து. ஞாயிறு ஆராதனை முடிந்து வாசலில் கைகொடுக்கும்போது கேட்காதீர்கள். போனிலும் வேண்டாம். வாரநாளில் முன்கூட்டிச் சொல்லிவிட்டு ஆயர் குடியிருக்கும் குருமனைக்குப் போங்கள். ஒரே தாளில் மூன்று வரி: நோட்டில் உள்ளது, பேங்கில் உள்ளது, புரியாதது. மூலத்தாளைக் கொண்டுபோகாதீர்கள், நகல் போதும்.

"ஐயா, ஏலக் கணக்குல ஒரு இடம் எனக்குப் புரியல. வெளியில யார்கிட்டயும் பேசல, முதல்ல உங்ககிட்டயே கேக்கணும்னு வந்தேன்" என்று தொடங்கலாம். அது நிஜமாக இருக்கவேண்டும். முன்பே நாலு பேரிடம் சொல்லிவிட்டு இப்படிச் சொன்னால், மாலைக்குள் அவருக்குத் தெரிந்துவிடும். அதன்பின் உங்கள் கணக்கை அவர் கேட்கவேமாட்டார்.

எப்படிப் பேசுவது என்பதற்கு தாவீதைக் கொல்லவேண்டாம் என்று யோனத்தான் தன் தகப்பன் சவுலிடம் பேசியது (1 சாமுவேல் 19:4-5) நல்ல பாடம். தாவீது செய்த நன்மையை முதலில் நினைப்பூட்டுகிறான். "நீரே அதைக் கண்டு சந்தோஷப்பட்டீர்" என்று சவுலின் நல்ல பக்கத்தைத் தொடுகிறான். கடைசியில், செய்யப்போவது பாவம் என்று பெயர் சொல்லியே கேட்கிறான். இந்தக் கடைசிப் பகுதியை விழுங்கிவிடுவதுதான் நம்மிடம் நடக்கிறது. காபி குடித்து, ஜெபம் பண்ணி, தொகையைச் சொல்லாமலேயே எழுந்து வந்துவிடுகிறோம். எண்ணைச் சொல்லுங்கள். சொல்லிவிட்டுப் பேசாமல் இருங்கள், அவர் பேசட்டும். விளக்கம் தர இரண்டு வாரம் கேட்டால் கொடுங்கள். வீட்டுக்கு வந்ததும் நாள், நேரம், அவர் சொன்ன பதில் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

நம்மேல் தூக்கிப் போடும் வசனங்கள்

"நான் அபிஷேகம்பண்ணினவர்களைத் தொடாதிருங்கள்" என்பார்கள். சங்கீதம் 105 அங்கே நாடோடிகளாகத் திரிந்த முற்பிதாக்களை ராஜாக்கள் ஒடுக்காதபடி கர்த்தர் காத்ததைப் பாடுகிறது. கணக்குக் கேட்பவரைத் தடுக்க அது எழுதப்படவில்லை. அபிஷேகம் பெற்றவன்மேல் கைபோட மறுத்த அதே தாவீதுதான் அவனிடம் உரக்கக் கேள்வியும் கேட்டான்.

"மூப்பனுக்கு விரோதமான பிராதை ஏற்காதே" என்பார்கள். 1 தீமோத்தேயு 5:19 இரண்டு மூன்று சாட்சிகள் வேண்டும் என்கிறது, சரி. 20ஆம் வசனத்தையும் சேர்த்து வாசிக்கச் சொல்லுங்கள். பாவஞ்செய்தவர்களை எல்லாருக்கும் முன்பாகக் கடிந்துகொள் என்று அங்கே இருக்கிறது.

வாக்குவாதம் வேண்டாம். ஒருமுறை நிதானமாகச் சொல்லிவிட்டு எண்ணுக்குத் திரும்புங்கள்.

சாட்சிகளோடு, பிறகு எழுத்தில்

இரண்டாம் முறை போகும்போது உங்கள் மச்சானையும் சம்பந்தியையும் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். ஒருவர் ஆயர் மதிக்கிறவராக இருக்கட்டும். இன்னொருவர் கணக்குப் புத்தகம் வாசிக்கத் தெரிந்தவர், ஓய்வுபெற்ற பேங்க் ஊழியர் மாதிரி. மூவரும் ஒரே சாதி, ஒரே தெரு என்றால் கணக்கு மறைந்து சாதிச் சண்டையாகிவிடும். நம் சபைகளில் இந்த ஒரு பிசகாலேயே நியாயமான கேள்விகள் செத்திருக்கின்றன.

அதிலும் பதில் இல்லையென்றால் கமிட்டிக்கு மனு. ஒரு பக்கம் போதும். கையெழுத்து கட்டாயம். மொட்டைக் கடிதாசி எழுதினால் யார் எழுதியது என்று கண்டுபிடிப்பதிலேயே எல்லாருடைய சக்தியும் போய்விடும். "திருடினார்", "ஏப்பம் விட்டார்" போன்ற சொற்கள் வேண்டாம். நிரூபிக்காத குற்றச்சாட்டை எழுத்தில் பரப்பினால் பாரதிய நியாய சன்ஹிதா 356ஆம் பிரிவின்படி உங்கள்மேல் அவதூறு வழக்கு வரலாம். "இந்தத் தேதியில் இவ்வளவு வசூல், இவ்வளவு வரவு, மீதி 22,000க்கு வவுச்சரைப் பார்வையிட அனுமதி வேண்டும், இந்த நாளுக்குள் எழுத்தில் பதில் வேண்டும்" என்று எழுதுங்கள். நகலில் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். தர மறுத்தால் ஒப்புகையோடு தபாலில் அனுப்புங்கள்.

அதற்கு மேல் திருமண்டலப் பொருளாளரும் பேராயரும். தனிச் சபை சங்கமாகப் பதிவாகியிருந்தால், தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975, பிரிவு 36இன்படி அங்கத்தினரில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாதவர்கள் கேட்டால் பதிவாளர் விசாரணை நடத்தலாம். சகோதரனோடு வழக்குக்குப் போகாதே என்று 1 கொரிந்தியர் 6ஐக் காட்டுவார்கள். அந்த அதிகாரத்தை மதித்துத்தான் இத்தனை படிகளும். ஆனால் அதை எழுதிய பவுலே தனக்கு நியாயம் மறுக்கப்பட்டபோது இராயனுக்கு, அதாவது ரோமப் பேரரசருக்கு, மேல்முறையிட்டு அபயமிட்டார் (அப்போஸ்தலர் 25:11).

இந்த வரிசை பொருந்தாத இடம்

ஒரு பிள்ளைமேல் பாலியல் அத்துமீறல் என்று தெரிந்தால் தனியே போய்ப் பேசுவது, கமிட்டி, பேராயர் எதுவும் கிடையாது. நேராகப் போலீஸ், அல்லது குழந்தைகள் உதவி எண் 1098. போக்சோ சட்டம் 2012இன் 19ஆம் பிரிவு தெரிந்த எவரையும் புகார் செய்யக் கட்டாயப்படுத்துகிறது. செய்யாமல் விட்டால் 21ஆம் பிரிவின்படி ஆறு மாதம்வரை சிறை, நிறுவனப் பொறுப்பில் இருப்பவர் தன் கீழ் உள்ளவரைப் பற்றி மறைத்தால் ஓராண்டுவரை. "சபைக்குள்ளே பேசி முடிப்போம்" என்பவரின் சமரசத்துக்கு உட்காரவே கூடாது. பிள்ளையைக் கூப்பிட்டு நாமே விசாரிப்பதும் கூடாது. சொன்னதைத் திரும்பத் திரும்பச் சொல்லவைப்பது பிள்ளையை நொறுக்கும், வழக்கையும் கெடுக்கும்.

கேட்டபிறகு சபையில் இருப்பது

இதுதான் கடினமான பகுதி. ஞாயிறு ஆராதனையை விடாதீர்கள், வழக்கமாக உட்காரும் பெஞ்சிலேயே உட்காருங்கள், பாடகர் குழுவை விட்டு விலகாதீர்கள். திருவிருந்துக்குப் போங்கள். காணிக்கையை நிறுத்தாதீர்கள், காசோலையாகக் கொடுத்து ரசீது வாங்குங்கள். ஆயர் வீட்டில் யாருக்காவது உடம்பு முடியாமல் போனால் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்து ஜெபம் பண்ணிவிட்டு வாருங்கள், கணக்குப் பேச்சை அங்கே எடுக்காதீர்கள். தவறு உங்கள்மேல்தான் என்று தெரியவந்தால், எந்தக் கூட்டத்தில் கேட்டீர்களோ அதே கூட்டத்தில் எழுந்து சொல்லுங்கள்.

பணம் திரும்ப வந்தால், ஆளைத் துரத்துவதை அதோடு நிறுத்திவிட்டு முறையை மாற்றக் கேளுங்கள். 2 இராஜாக்கள் 12இல் ஆசாரியன் யோய்தா மூடியில் துவாரமிட்ட பெட்டியைப் பலிபீடத்தண்டையில் வைத்தான். பணம் நிறைந்தபோது ராஜாவின் சம்பிரதியும் (எழுத்தரும்) பிரதான ஆசாரியனும் சேர்ந்தே எண்ணினார்கள். வேலையை நடத்தியவர்களிடம் கணக்குக் கேட்கவில்லை என்று அதே அதிகாரம் 15ஆம் வசனத்தில் சொல்வதைச் சிலர் காட்டுவார்கள். அந்த நம்பிக்கை இரண்டு பேர் எண்ணிய பிறகு வந்தது.

ஞாயிறன்று ஆராதனை முடிந்தவுடன், வெஸ்ட்ரியில் (ஆலயத்தை ஒட்டிய அறையில்), ஒரே குடும்பத்தைச் சேராத இருவர் காணிக்கையை எண்ணவேண்டும். 500, 200, 100 என்று நோட்டுவாரியாகப் பதிவேட்டில் எழுதி, இருவரும் பேனாவால் கையெழுத்திட வேண்டும். திங்கட்கிழமை முழுத் தொகையும் பேங்குக்குப் போகவேண்டும், அதிலிருந்து ஒரு ரூபாய்கூடச் செலவுக்கு எடுக்கக்கூடாது. பேங்க் சலானை அதே பக்கத்தில் ஒட்டவேண்டும். எண்ணுபவர்களை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றவேண்டும், பொருளாளர் எண்ணுபவராக இருக்கக்கூடாது. மாத வரவுசெலவை அடுத்த மாத முதல் ஞாயிறு அறிவிப்புப் பலகையில் ஒட்டவேண்டும்.