அகலமான அந்தச் சிறு பள்ளம்: கேலக்சி மையம் வெளித்தள்ளும் வாயுவைத் தேடுவது எப்படி

புதிதாக இந்த வேலைக்கு வருபவர்களிடம் 3சி 293 என்ற ரேடியோ கேலக்சியிலிருந்து தொடங்கச் சொல்வேன். 2003-இல் நெதர்லாந்தின் வெஸ்டர்போர்க் தொலைநோக்கியில் ரஃபாயெல்லா மோர்கந்தி குழுவினர், அதில் ஹைட்ரஜன் நொடிக்கு 1,000 கி.மீ. வரை வேகத்தில் வெளியேறுவதைக் கண்டார்கள். விடை தெரிந்த கணக்கில் கை பழகட்டும்.

கேலக்சி மையத்திலிருந்து பீறிடும் ஜெட்டின் ரேடியோ வெளிச்சத்துக்கு முன்னால் இருக்கும் ஹைட்ரஜன், 21 செ.மீ. அலையைக் கொஞ்சம் விழுங்கிவிடும்; நிறமாலையில் அது பள்ளமாகத் தெரியும். வெளிச்சத்துக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு நம்மை நோக்கி வருகிற வாயு, மையத்தை விட்டு விலகித்தான் வருகிறது. இந்தத் தெளிவுக்காகவே எனக்கு இந்த முறை பிடிக்கும்.

3சி 293-இன் செம்பெயர்ச்சி, அதாவது அது விலகிச் செல்வதால் அலைகள் நீளும் அளவு, 0.045. ஆகவே 1420.4 மெகாஹெர்ட்ஸ் கோடு 1359 அருகே வரும்; மகாராஷ்டிரத்தில் நாராயண்காவ் பக்கத்து ஜிஎம்ஆர்டி ரேடியோ தொலைநோக்கியின் 5-ஆம் அலைவரிசைப் பட்டை அதற்குப் போதும். அங்கே 1 மெகாஹெர்ட்ஸ் என்பது நொடிக்கு ஏறத்தாழ 220 கி.மீ.

கஷ்டம் பேண்ட்பாஸில்தான், அதாவது அலைவரிசைக்கு அலைவரிசை கருவியின் உணர்திறன் மாறுவதில்தான். நாம் தேடும் பள்ளத்தின் ஆழம் பின்னணி வெளிச்சத்தில் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு. அகலமோ பல மெகாஹெர்ட்ஸ். கருவியின் நெளிவும் அச்சு அசலாக அப்படித்தான் இருக்கும். என் முதல் தரவில் கேலிபிரேட்டரை (கருவியின் நெளிவை அளந்து நீக்க உதவும், நன்கு தெரிந்த ரேடியோ மூலத்தை) ஆரம்பத்தில் பத்து நிமிடம் மட்டும் பார்த்திருந்தேன். அழகான பள்ளம் கிடைத்தது. இரண்டு வாரம் அதை அளந்தேன். பிறகு தரவை நேரப்படி இரண்டாக வெட்டிப் பார்த்தபோது, பின்பாதியில் பள்ளம் இடம் மாறியிருந்தது. அன்று இரவு தூக்கம் வரவில்லை.

அதனால் மணிக்கொரு முறை 3சி 286 என்ற கேலிபிரேட்டருக்குத் திரும்புங்கள். வானில் அது 5 டிகிரிக்கும் குறைவான தூரத்தில், இலக்கைவிடப் பிரகாசமாக இருப்பது நம் அதிர்ஷ்டம். பின்னணியைக் கழிக்கும்போது கோட்டின் இருபுறமும் 9 மெகாஹெர்ட்ஸ் விட்டுவிட்டு, மிச்சச் சேனல்களில் நேர்கோடு மட்டும் பொருத்துங்கள். வளைகோடு போட்டால் பள்ளத்தின் ஓரமாக நீளும் ஆழமில்லாத சிறகையும் சேர்த்துத் தின்றுவிடும். பிறகு இரண்டு துருவப்பாடுகளையும் (அலை அதிரும் இரண்டு திசைகளில் தனித்தனியே பதிவானவற்றை) தனித்தனியே வரையுங்கள். இரண்டிலும், நேரப்படி வெட்டிய இரண்டு பாதிகளிலும் பள்ளம் நின்றால் நம்பலாம்.

வாயுவின் வேகத்தை எங்கிருந்து அளப்பது என்ற பூச்சிய வேகத்தைக் கேலக்சியின் ஒளியியல் (கண்ணுக்குத் தெரியும் ஒளியில் அளந்த) செம்பெயர்ச்சியிலிருந்து எடுங்கள். ஹைட்ரஜனின் ஆழமான பள்ளத்தைப் பூச்சியமாக வைத்துக்கொள்ள மனம் போகும், வேண்டாம்.

வாயு எந்த இடத்தில் தள்ளப்படுகிறது என்று காண, கண்டங்கள் கடந்த ரேடியோ தொலைநோக்கிகளை ஒன்றாக இணைக்கும் விஎல்பிஐ முறை வேண்டும். 4சி 12.50 என்ற இன்னொரு ரேடியோ கேலக்சியில் ஜெட் முடியும் இடத்திலேயே மேகம் இருப்பது 2013-இல் அப்படித்தான் தெரிந்தது.

கடைசியில் வாயுவின் அளவு. அது ஹைட்ரஜனின் சுழற்சி வெப்பநிலைக்கு (ஸ்பின் டெம்பரேச்சர், 21 செ.மீ. கோட்டின் இரு ஆற்றல் நிலைகளில் அணுக்கள் எப்படிப் பிரிந்திருக்கின்றன என்பதைச் சொல்வது) நேர்விகிதத்தில் கூடும். வழக்கமாக 100 கெல்வின் வைப்பார்கள், மையத்தருகே 1,000-கூட இருக்கலாம். இரண்டுக்கும் கணக்கிட்டு, இரண்டையும் எழுதுங்கள்.