டிரினிடாட் வெக்கையில் ஓசனிச்சிட்டுக்குச் சர்க்கரைத் தண்ணீர்

ஹம்மிங்பேர்டு எனும் ஓசனிச்சிட்டு குடிக்க, வெள்ளைச் சர்க்கரை ஒரு பங்கு, தண்ணீர் நான்கு பங்கு கலந்து, தொங்கும் கலத்தில் வைக்கிறேன். இந்தச் சூட்டில் ஒன்றிரண்டு நாளில் கலங்கிப் புளித்துவிடும் என்பதால், அன்றன்று தீரும் அளவே ஊற்றி, பழையதைக் கொட்டி, வெந்நீரில் பிரஷ் போட்டுக் கழுவுகிறேன். தேன், நாட்டுச் சர்க்கரை, சாயம் எதுவும் கூடாது; கலத்தின் சிவப்பு மூடியே பறவையை இழுக்கும்.

கவிழ்த்த புட்டியில் கொஞ்சமாக ஊற்றினால், மேலே இருக்கும் காற்று வெயிலில் விரிந்து துளைவழி ஒழுக்கிவிடும். ஒழுகினால் குளவி நிச்சயம். மேல்மூடியில் துளையுள்ள தட்டு வகைக்கு மாறி நிழலில் மாட்டியதும் ஒழுகுவது நின்றது.

எறும்புக்குக் கம்பியில் எண்ணெய் தடவாதீர்கள், இறகில் ஒட்டினால் கேடு. கொக்கிக்கும் தட்டுக்கும் நடுவே தண்ணீர்க் கிண்ணம் தொங்கினால் போதும். அது வற்றாமல் பார்ப்பதுதான் வேலை.

பனானாகுவிட்டு எனும் தேனுண்ணும் சிறு பறவைகள் உட்கார்ந்து குடிப்பவை. ஒரே மூச்சில் காலி செய்துவிடும். அவற்றுக்குக் குச்சி வைத்த தட்டு தனியாக.