நர்சிங் காலேஜ் முதல் நாள்: வேலூரில் சேரப்போகிறவர்களுக்கு

அட்மிஷன் முடிந்தது, ஃபீஸ் கட்டியாயிற்று, வரச்சொன்ன தேதியும் நெருங்கிவிட்டது. வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றைத்தான்: "ரத்தத்தைப் பார்த்தா பயப்படமாட்டியே?" அந்தக் கேள்வியை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். முதல் நாளில் ரத்தமும் கிடையாது, ஊசியும் கிடையாது. இந்தத் தொழில் கை கழுவுவதிலும் எண்ணுவதிலும்தான் தொடங்குகிறது. அதற்கும் முன்னால் ஜெராக்ஸ் கடை இருக்கிறது.

படி 1: ஃபைல்

பத்தாவது, பன்னிரண்டாவது மார்க் ஷீட், டிசி, சாதிச் சான்றிதழ், ஆதார், மருத்துவத் தகுதிச் சான்று, பாஸ்போர்ட் அளவு போட்டோ. சலுகை கேட்கிறவர்கள் முதல் பட்டதாரிச் சான்றிதழையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கல்லூரிக்குக் கல்லூரி பட்டியல் மாறும். உங்கள் அட்மிஷன் கடிதத்தில் இருப்பதுதான் கணக்கு. ஒரிஜினலைக் கொடுப்பதற்கு முன் ஒவ்வொன்றிலும் சில ஜெராக்ஸ் எடுத்து, போனிலும் ஸ்கேன் செய்துவிடுங்கள். கொடுத்ததற்கு ரசீது கேட்டு வாங்குங்கள். கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்று கூச்சப்பட வேண்டாம்.

மஞ்சள் காமாலை தடுப்பூசி, அதாவது ஹெப்படைட்டிஸ் பி, போட்ட விவரம் இருந்தால் அதையும் வையுங்கள். இல்லையென்றால் சேர்ந்ததும் விசாரித்துத் தொடங்கிவிடுங்கள். வழக்கமாக மூன்று டோஸ்: முதல் ஊசிக்கு ஒரு மாதம் கழித்து இரண்டாவது, ஆறாவது மாதம் மூன்றாவது. வார்டுக்குப் போன பிறகு ஓடுவதைவிட இப்போதே முடிப்பது நல்லது.

படி 2: நகம், முடி, ஷூ

நகத்தை ஒட்ட வெட்டுங்கள். நெயில் பாலிஷ், மோதிரம், வளையல் வேண்டாம். இது வெறும் கண்டிப்பு இல்லை: மோதிரத்துக்கு அடியில் சோப்பு போகாது, கிருமி தங்கும். முடியை இறுக்கக் கொண்டை போட்டுப் பழகிக்கொள்ளுங்கள். பையன்கள் தலையையும் தாடியையும் ஒழுங்காக வெட்டிக்கொண்டால் போதும். பக்கத்திலேயே ஆம்பூர், ராணிப்பேட்டை என்று ஊர் ஊராக ஷூ தைக்கிறார்கள். காலை அழுத்தாத ஒரு ஜோடி வாங்க நாள் முழுக்க அலைய வேண்டியதில்லை. மணிக்கணக்கில் நிற்கப்போகிறீர்கள், அழகைப் பார்க்காதீர்கள். அப்புறம் வினாடி முள் உள்ள வாட்ச் ஒன்று. விலை முக்கியமில்லை, முள் தெளிவாகத் தெரிய வேண்டும்.

படி 3: போய்ச் சேருவது

காட்பாடியில் ரயில் இறங்கி வருகிறவர்கள் பாலாற்றுப் பாலத்தையும் கிரீன் சர்க்கிள் நெரிசலையும் கணக்கில் வைத்து அரை மணி நேரம் முன்னதாகவே கிளம்புங்கள். குடியாத்தம், ஆரணி பக்கமிருந்து பஸ்ஸில் வருகிறவர்களுக்கும் அதேதான்.

படி 4: வகுப்பில்

அறிமுகம், விதிமுறைகள், டைம்டேபிள் என்று காலை ஓடிவிடும். இந்த ஊரில் உட்கார்ந்து நர்சிங் வரலாறு கேட்டால், சிஎம்சி மருத்துவமனையைத் தொடங்கிய அமெரிக்க டாக்டர் ஐடா ஸ்கடர் பெயர் எப்படியும் வரும். அந்த மருத்துவமனையில்தான் 1909இல் நர்சிங் பயிற்சி ஆரம்பமானது, 1946இல் அது பட்டப்படிப்பாக வளர்ந்தது. விளக்கேற்றி உறுதிமொழி எடுக்கும் நிகழ்ச்சியை முதல் நாளே எதிர்பார்க்காதீர்கள், அதற்குத் தனியாக ஒரு நாள் வரும்.

பிஎஸ்சி என்றால் நான்கு வருடம், எட்டு செமஸ்டர். முதல் செமஸ்டரில் உடற்கூறு, உடலியங்கியல், சமூகவியல், உளவியல், ஆங்கிலம், இவற்றோடு நர்சிங் ஃபவுண்டேஷன்ஸ், அதாவது நர்சிங்கின் அடிப்படைகள். தமிழ் மீடியத்தில் படித்தவர்கள் உடற்கூறு வகுப்பின் முதல் வாரத்தில் கலங்குவது சகஜம். கேட்கிற சொல்லைத் தமிழ் எழுத்திலேயே எழுதிவைத்து, இரவில் புத்தகத்தைப் பார்த்துத் திருத்துங்கள். அழகான நோட்ஸ் பிறகு எழுதிக்கொள்ளலாம்.

சீனியர்களை அக்கா, அண்ணா என்றால் போதும். வார்டில் பணியில் இருப்பவர்கள் சிஸ்டர், பிரதர். கிண்டல் எல்லை மீறினால் பொறுத்துப்போக வேண்டியதில்லை. ராகிங் தமிழ்நாட்டில் 1997 முதலே சட்டப்படி குற்றம். கல்லூரியில் சொல்லத் தயக்கமாக இருந்தால் 1800-180-5522 என்ற இலவச எண் இருக்கிறது.

படி 5: கை கழுவுவது

இதை லேபில் சொல்லித்தருவார்கள். முன்பே தெரிந்து வைத்தால் தடுமாற மாட்டீர்கள்.

கையை நனைத்து சோப்பு எடுங்கள். உள்ளங்கையோடு உள்ளங்கை தேயுங்கள். ஒரு உள்ளங்கையை மறு கையின் புறங்கை மேல் வைத்து, விரல்களைக் கோத்துத் தேயுங்கள். கையை மாற்றி அதேபோல். அடுத்து உள்ளங்கைகளைச் சேர்த்து விரலிடுக்கு. பிறகு விரல்களை மடக்கி, அவற்றின் பின்பக்கத்தை எதிர் உள்ளங்கையில் தேய்க்க வேண்டும். கட்டைவிரலைப் பிடித்துச் சுழற்றுங்கள். கடைசியாக விரல் நுனிகளைக் குவித்து உள்ளங்கையில் வட்டமாக. கழுவி, டிஷ்யூ பேப்பரால் துடைத்து, அதே பேப்பரால் குழாயை மூடுங்கள். வெறும் கையால் மூடினால் பட்ட பாடு வீண்!

மொத்தம் 40 முதல் 60 வினாடி ஆக வேண்டும். அவசரத்தில் விட்டுப்போவது கட்டைவிரலும் நுனிகளும்தான், ஆனால் நோயாளியை முதலில் தொடுவதும் அவைதான்.

படி 6: நாடி எண்ணுவது

சாயங்காலம் ஹாஸ்டலில் ரூம் மேட்டை உட்காரவைத்துப் பழகலாம். மாடி ஏறி வந்த உடனே வேண்டாம், ஐந்து நிமிடம் ஓய்வு கொடுங்கள். உள்ளங்கை மேலே இருக்கும்படி அவர் கையை மடியிலோ மேஜையிலோ வைக்கச் சொல்லுங்கள். மணிக்கட்டில், கட்டைவிரல் பக்கமாக உங்கள் ஆள்காட்டி, நடு, மோதிர விரல்களின் நுனியை மெதுவாக வையுங்கள். உங்கள் கட்டைவிரல் கூடாது, அதற்கே துடிப்பு உண்டு. அவருடையதை விட்டு உங்களுடையதை எண்ணிவிடுவீர்கள். துடிப்பு கிடைக்கவில்லை என்றால் பலரும் இன்னும் அழுத்துவார்கள். அழுத்தினால் ரத்தக்குழாய் மூடி, இருந்த துடிப்பும் போய்விடும். பிடியைத் தளர்த்தி, விரலைக் கொஞ்சம் நகர்த்தித் தேடுங்கள்.

15 வினாடி எண்ணி நான்கால் பெருக்குவதைச் சீனியர்கள் காட்டுவார்கள். ஆரம்பத்தில் அந்தக் குறுக்குவழி வேண்டாம். ஒரு துடிப்பு தவறினால் நான்கு தவறும். முழு நிமிடமும் எண்ணுங்கள். எண்ணிக்கை மட்டுமில்லை, சீராக வருகிறதா, நடுவில் விட்டுவிட்டு வருகிறதா என்பதையும் பாருங்கள். ஓய்வில் இருக்கிற, வயது வந்தவர்களுக்கு நிமிடத்துக்கு 60 முதல் 100 வரை இயல்பு.

எண்ணி முடித்ததும் கையை விடாதீர்கள். நாடி பார்ப்பதுபோலவே பிடித்துக்கொண்டு, மார்பு ஏறி இறங்குவதை இன்னொரு நிமிடம் எண்ணுங்கள். ஏறி இறங்குவது இரண்டும் சேர்ந்து ஒரு மூச்சு. 12 முதல் 20 வரை இருக்கும். மூச்சை எண்ணுகிறேன் என்று சொல்லிவிட்டால் அவர் மூச்சுவிடும் விதமே மாறிவிடும், அதற்குத்தான் இந்தச் சின்னத் திருட்டுத்தனம்.

உடனே நோட்டில் எழுதுங்கள்: தேதி, நேரம், நாடி, சீரா இல்லையா, மூச்சு. ஞாபகத்தில் இருந்து பிறகு எழுதுவது ஆகாது. ஒருவரை முடித்ததும் அடுத்த ரூமில் இன்னொருவரைப் பிடியுங்கள். ஒல்லியான கையில் சுலபமாகக் கிடைத்த துடிப்பு சதைப்பிடிப்பான கையில் ஒளிந்துகொள்ளும், இரண்டிலும் பழக வேண்டும்.