கிரவுண்டில் ஓடுற ஆளைப் படமெடுக்கும்போது எங்கே தவறுகிறோம்?

சென்னை வியாசர்பாடி கிரவுண்டில் ஃபார்வர்டு பந்தை உதைத்த அதே நொடியில் கிளிக் செய்திருப்பீர்கள். வீட்டில் பெரிதாக்கிப் பார்த்தால் பின்னாலிருக்கும் மதிலில் ஒட்டிய போஸ்டர் எழுத்து பளிச்சென்று இருக்கும், ஆட்டக்காரர் முகமும் காலும் கலங்கிப் போயிருக்கும். உடனே லென்ஸ்மேல் பழியைப் போட்டு அடுத்த லென்ஸுக்குக் காசு சேர்க்காதீர்கள். கோளாறு பெரும்பாலும் ஷட்டர் வேகத்திலும் ஃபோகஸ் மோடிலும்தான் இருக்கும்.

ஒரு சின்னக் கணக்கு. விநாடிக்கு 7 மீட்டர் ஓடுகிறவர், 1/250 (விநாடியில் 250-இல் ஒரு பங்கு) ஷட்டர் திறந்து மூடுவதற்குள் ஏறக்குறைய 3 சென்டிமீட்டர் நகர்ந்துவிடுவார். உதைக்கிற கால் அதைவிட வேகம். 1/1000 வைத்தால் அதே உடம்பு நகர்வது 7 மில்லிமீட்டர்தான். கால்பந்துக்கு 1/1000-க்குக் கீழே இறங்கவே வேண்டாம். கிரிக்கெட்டில் பேட்டில் படும் பந்து கோடாக இழுபடாமல் இருக்க 1/2000 வேண்டும். ஆட்டோ மோடில் விட்டால், வெளிச்சம் குறையக் குறைய கேமரா ஷட்டரையும் மெதுவாக்கிவிடும். அதனால் மேனுவலுக்கு மாறி ஷட்டரை 1/1000-இல் நிறுத்துங்கள். அப்பர்ச்சரை, அதாவது வெளிச்சம் புகும் துளையை, லென்ஸ் எவ்வளவு திறக்குமோ அவ்வளவு திறந்துவிட்டு, வெளிச்சத்துக்கான உணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓவை மட்டும் ஆட்டோவில், உச்ச வரம்பு 6400 வைத்து விடுங்கள்.

ஐஎஸ்ஓ ஏறினால் படம் கெட்டுவிடும் என்று 400-இலேயே பூட்டி வைப்பவர்கள் நிறைய. உச்சி வெயிலில் அப்பர்ச்சர் எஃப் 5.6, ஷட்டர் 1/1600-க்கு ஐஎஸ்ஓ 200 போதும். ஆனால் மாட்ச் சூடுபிடிப்பது பொழுது சாயும்போதுதான். அப்போது 1600, 3200 கேட்கும். தாராளமாகக் கொடுங்கள். புள்ளிப்புள்ளியாகத் தெரிவதை எடிட்டிங்கில் குறைத்துக்கொள்ளலாம், இழுபட்ட முகத்தை ஒன்றும் செய்ய முடியாது.

அடுத்தது ஃபோகஸ். ஒன் ஷாட் அல்லது ஏஎஃப்-எஸ் மோடில் பட்டனைப் பாதி அழுத்தியதும் தூரம் பூட்டிக்கொள்ளும். நீங்கள் முழுசாக அழுத்துவதற்குள் ஆள் ஒரு மீட்டர் முன்னால் வந்திருப்பார். கேனானில் சர்வோ, நிக்கானிலும் சோனியிலும் ஏஎஃப்-சி போடுங்கள். எல்லா ஃபோகஸ் புள்ளிகளையும் திறந்துவைத்தால் பழைய கேமராக்கள் பெரும்பாலும் டிஃபெண்டர் கையையோ பின்னால் நிற்கும் கூட்டத்தையோ பிடித்துக்கொள்ளும். நடுப்புள்ளியும் அதைச் சுற்றியுள்ள சில புள்ளிகளும் போதும். பந்து காலுக்கு வரும் முன்பே, குறைந்தது அரை விநாடி பட்டனைப் பாதி அழுத்தியபடி ஆளைத் தொடர வேண்டும். திடீரென்று தூக்கித் திடீரென்று அழுத்தினால் எந்தக் கேமராவும் திணறும்.

பட்டனை விடாமல் அமுக்கிப் பிடிப்பதும் வேண்டாம். எடுத்த படங்கள் கார்டுக்குப் போகும்வரை தங்கும் பஃபர் நிரம்பி, கோல் விழுந்து பசங்க கட்டிப்பிடித்துக் குதிக்கும் நேரத்தில் கேமரா மூச்சடைத்து நிற்கும். மூன்று, நான்கு படங்களாக விட்டுவிட்டு எடுங்கள்.

நிற்கும் இடத்தை யாரும் பெரிதாக யோசிப்பதில்லை. நம்ம சென்னைப் பக்கம் கடல் கிழக்கே இருப்பதால் இதற்குச் சுலபமான வழி ஒன்று உண்டு. காலையில் கடலுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள், மாலையில் கடலைப் பார்த்து நில்லுங்கள். சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும், ஆட்டக்காரர் முகத்தில் வெளிச்சம் விழும். நடுக்கோட்டருகே நின்றால் பாதி நேரம் முதுகுதான் கிடைக்கும். கோல் போஸ்டுக்கும் கார்னர் கொடிக்கும் நடுவில், கோட்டுக்கு வெளியே சில மீட்டர் தள்ளி முட்டி போடுங்கள். கேமரா இடுப்புயரத்துக்கு இறங்கினால் ஆள் நெடிதாகத் தெரிவார், நிறுத்திவைத்த பைக்குகளில் பாதி மறைந்துவிடும். ஆனால் தலைக்குப் பின்னால் வானம் வந்து முகம் கறுத்துப்போகும், அதற்குப் படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பென்சேஷனில் +0.7 கொடுங்கள். சில தொடக்கநிலைக் கேமராக்களில் மேனுவலில் இது வேலை செய்யாது. அதில் ஷட்டரை மட்டும் நாம் குறிக்கும் மோடு, அதாவது டயலில் Tv அல்லது S என்று இருப்பது, கைகொடுக்கும்.

ராத்திரி விளக்கில் நடக்கும் கபடி தனிச் சிக்கல். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பல விளக்குகள் விநாடிக்கு 100 முறை மங்கி மங்கி எரியும். கண்ணுக்குத் தெரியாது. 1/1000-இல் அடுத்தடுத்து எடுத்தால் ஒரு படம் வெளுத்தும் அடுத்தது மஞ்சளாகவும் விழும். கேமராவில் ஆன்டி-ஃபிளிக்கர் இருந்தால் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் நாலைந்து படம் எடுத்துத் தேறியதைப் பொறுக்குவதுதான் வழி.

மத்தியானத்துக்கு மேல் கடற்காற்று கிளம்பினால் கிரவுண்டில் புழுதியும் கிளம்பும். அங்கே நின்றுகொண்டு லென்ஸ் மாற்றாதீர்கள், சென்சாரில் உட்கார்ந்த தூசு ஒவ்வொரு படத்து வானத்திலும் கறுப்புப் பொட்டாக நிற்கும். மாற்றியே தீரவேண்டுமென்றால் காற்றுக்கு முதுகைக் காட்டி, கேமரா வாயைத் தரைப்பக்கம் கவிழ்த்து மாற்றுங்கள். வீட்டுக்கு வந்ததும் லென்ஸை நேரே துணியால் துடைக்கவும் கூடாது. மணல் கண்ணாடியைக் கீறிவிடும். முதலில் புளோயரால் (அமுக்கினால் காற்றடிக்கும் ரப்பர் குமிழ்) ஊதித் தள்ளிவிட்டு, அப்புறம் மைக்ரோஃபைபர் துணி. கேமரா உடம்பில் படிந்த உப்பீரத்தை லேசாக நனைத்துப் பிழிந்த வேறு துணியால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகே பையில் வையுங்கள்.