பெராக்சைடு காட்டிய பொய்க்கணக்கு

சாயப்பொருள் தயாரிக்கும் எங்கள் ஆலையின் கழிவுநீர் உயிரியல் தொட்டியைக் கடந்த பின்னும், அதன் வேதிய ஆக்சிஜன் தேவை, அதாவது மாசை ஆக்சிஜனேற்றத் தேவைப்படும் ஆக்சிஜனின் அளவான சி.ஓ.டி., லிட்டருக்கு 400 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கவில்லை. உள்நாட்டு நீர்நிலைகளில் விடுவதற்கான வரம்போ 250. எனவே இரும்பு உப்பும் பெராக்சைடும் சேர்ந்து மாசைச் சிதைக்கும் ஃபென்டன் முறையைச் சேர்த்தேன்: கந்தக அமிலத்தால் பி.எச். அளவை 3-க்குக் கொண்டுவந்து, அன்னபேதி எனும் இரும்பு சல்பேட்டைக் கரைத்து, ஹைட்ரஜன் பெராக்சைடைச் சிறிது சிறிதாக விட்டேன். நிறம் கண்ணெதிரே வெளுத்தது. ஆனால் சோதனையில் சி.ஓ.டி. எண் குறையாதது என்னை வாட்டியது. பெராக்சைடை இன்னும் கூட்டினேன். எண்ணும் கூடியது.

படிந்த கசடு மீண்டும் மீண்டும் நுரைத்து மேலே மிதந்ததைப் பார்த்தபோதுதான் காரணம் பிடிபட்டது. வினைபுரியாமல் எஞ்சிய பெராக்சைடு சிதைந்து குமிழ்களை விட்டுக்கொண்டிருந்தது. அதுவே சோதனைக் குடுவையில், சி.ஓ.டி.யை அளக்கச் சேர்க்கும் ஆக்சிஜனேற்றியான டைகுரோமேட்டையும் செலவழித்து, தன் ஒவ்வொரு மில்லிகிராமுக்கும் ஏறத்தாழ 0.47 மில்லிகிராம் சி.ஓ.டி.யைப் பொய்யாகக் கூட்டியிருந்தது. பெராக்சைடைப் பாதியாகக் குறைத்து மூன்று தவணைகளாக விட்டேன். பின்னர் எஞ்சியதும் சிதைந்துபோக, சுண்ணாம்புப் பாலால் பி.எச். அளவை 8.5-க்கு உயர்த்தி, இரவு முழுவதும் மெல்லக் கலக்கவிட்டேன். பெராக்சைடு இருந்தால் நீலமாகும் சோதனைத் தாளில் நீலம் தோன்றாத பிறகே மாதிரி எடுத்தேன்: 190. துருநிறக் கசடு அடியில் கெட்டியாகப் படிந்திருந்தது.