ஆசிரியத் தாய்மாருக்குப் பின்னல் வேலை: நேரத்தை வகுத்துக்கொள்ளும் முறை

பாடசாலை பிற்பகல் 1.30 மணிக்கு முடிந்தாலும், சமையல், பிள்ளைகளின் படிப்பு, மறுநாளுக்கான பாடக்குறிப்பு என்று பொழுது நிறைந்துவிடும் யாழ்ப்பாணத்து ஆசிரியைக்குப் பின்னலுக்கெனத் தனியாக ஒரு மணித்தியாலம் வாய்ப்பது அரிது. ஆகவே, கால் மணித்தியாலத்துக்குள் அடங்கும் வேலையைத் தெரிந்தெடுங்கள்.

பிள்ளை சிறியதாயின், இரட்டை ஊசிப் பின்னலை விட, ஒற்றைக் கொக்கியூசியால் பின்னும் குரோசேயையே நான் பரிந்துரைப்பேன். ஊசிப் பின்னலில் ஒரு வரியின் கண்ணிகள் (நூல் வளையங்கள்) அனைத்தும் ஊசியிலேயே நிற்பதால், குழந்தை இழுத்தால் அவை கழன்றுவிடும். குரோசேயிலோ பெரும்பாலும் ஒரேயொரு கண்ணிதான் திறந்திருக்கும் என்பதால், அதைச் சற்று நீட்டி ஊக்கு ஒன்றைக் கோத்துவிட்டு, குழந்தை அழுதவுடன் தயக்கமின்றி எழுந்து செல்லலாம். கொக்கியூசியையும் கத்தரிக்கோலையும் மூடியுள்ள பெட்டியில், பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.

எமது வெக்கைக்குப் பருத்தி நூலே உகந்தது.

பனையோலைப் பின்னலை மட்டும் பாடசாலை நாட்களில் தொடங்க வேண்டாம். ஈரப்பதம் இருக்கும்போதே வளைக்கவேண்டிய ஓலை, இடையில் விட்டால் காய்ந்து முறிந்துவிடும். அந்த அருமையான வேலைக்குத் தவணை விடுமுறையின் ஆறுதலான பொழுதுகளே பொருத்தம். தவணைப் பரீட்சை விடைத்தாள் திருத்தும் வாரங்களில் நூலைத் தொடாமலே விடலாம். நிறுத்திய வரியின் எண்ணையும் கொக்கியின் அளவையும் சிறு தாளில் எழுதி நூலுடன் வைத்துவிடுங்கள்.