“மூடி விழுந்தாத் திரும்புறான் தானே”: பிள்ளையின் காதுப் பரிசோதனையில் நாம் விடும் பிழைகள்

அக்காவின் மகனுக்கு ஒன்றரை வயதாகியும் ஒரு சொல் வரவில்லை. அவனுடைய அம்மம்மாவுக்கு அதில் பெரிய கவலை இருக்கவில்லை. குசினிக்குள் நின்று பானை மூடியை நிலத்தில் போட்டுக் காட்டுவா. பொடியன் திரும்புவான். “பார், காது வடிவாக் கேக்குது. தகப்பனும் பிந்தித்தான் கதைச்சவர்.” இந்தப் பேச்சை நம்பி எட்டு மாதத்தைத் தொலைத்தோம்.

மூடி விழும்போது நிலம் அதிரும். பக்கத்தில் இருப்பவர்களின் கண்கள் அந்தப் பக்கம் போகும். காது கேளாத பிள்ளை இவற்றையெல்லாம் கூர்ந்து பிடித்துக்கொள்ளும். இன்னொன்று, கேட்டல் குறைவு என்றால் ஒன்றுமே கேட்காது என்று அர்த்தமில்லை. தாழ்ந்த சுருதி கேட்டு உயர்ந்த சுருதி மட்டும் கேளாமல் போகும் பிள்ளைகள் உண்டு. அப்படிப்பட்ட பிள்ளை நல்லூர்த் திருவிழாவில் தவில் அடிக்கத் துள்ளும். ஆனால் பாட்டு, பாக்கு, பாத்து மூன்றும் அதன் காதில் ஒரே சொல்லாகத்தான் விழும். ‘பா’ என்ற கனத்த ஒலி போய்ச் சேரும். ட், க், த் என்று பிரித்துக் காட்டும் மெல்லிய உயர் ஒலிகள் சேராது. கைதட்டல், சாவிக்கொத்து, போன் பாட்டு எதுவுமே இதைக் காட்டித் தராது.

பிறந்த குழந்தைக்கு வழக்கமாக முதலில் செய்வது ஓ.ஏ.இ. என்ற சோதனை. காதுத் துவாரத்தில் மெத்தென்ற சிறு முனையை வைத்து மெல்லிய ஒலி அனுப்புவார்கள். நலமான உட்காதில் உள்ள மயிர்க்கலங்கள் அதற்குப் பதிலாக நுண்ணிய எதிரொலி ஒன்றை எழுப்பும். கருவி அதைப் பிடிக்கும். ஊசியும் இல்லை, நோவும் இல்லை, சில நிமிட வேலை. பிறந்து ஓரிரு நாட்களுக்குக் காதுக்குள் நீரும் வெண்மெழுகும் தங்கியிருப்பதால், நன்றாகக் கேட்கும் குழந்தைக்கும் முடிவுத் துண்டில் ‘ரிஃபர்’, அதாவது திரும்பச் சோதிக்க வேண்டும் என்று வரலாம். அதைப் பார்த்து அழுது குழறத் தேவையில்லை. ஆனால் “அது தண்ணிதானாம்” என்று துண்டை மடித்து வைத்துவிட்டு, திரும்பச் சோதிக்கப் போகாமல் விடுவது அதைவிடப் பெரிய பிழை.

எங்கள் ஊரில் இதற்கு ஒரு தனிக் காரணமும் உண்டு. “முப்பத்தொண்டு கழியட்டும், பிறகு வெளிய கொண்டு போவம்” என்று, பிறந்த துடக்குக் கழியும் 31ஆம் நாள் வரை பிள்ளையை வீட்டிலேயே வைத்திருப்பார்கள். உலகளவில் சொல்லப்படும் கணக்கு 1, 3, 6: ஒரு மாதத்துக்குள் முதற்சோதனை, 3 மாதத்துக்குள் குறை உண்டா என்ற முடிவு, 6 மாதத்துக்குள் கருவியும் பயிற்சியும். 31ஆம் நாள் வரை காத்திருந்தால் முதல் கெடு அங்கேயே போய்விடும். துடக்கு கோயிலுக்குத்தான், கிளினிக்குக்கு இல்லை.

குறைமாதத்தில் பிறந்து விசேட சிகிச்சைப் பிரிவில் 5 நாளுக்கு மேல் இருந்த பிள்ளை, மஞ்சள் காமாலை முற்றி இரத்தம் மாற்றப்பட்ட பிள்ளை என்றால் ஓ.ஏ.இ. ‘பாஸ்’ மட்டும் போதாது. அது உட்காதை மட்டுமே பார்க்கிறது. அங்கிருந்து மூளைக்குப் போகும் நரம்பைப் பார்ப்பதில்லை. நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் ஒட்டிகள் வைத்து அந்த நரம்பையும் பார்க்கும் ஏ.பி.ஆர். சோதனையை வாய் திறந்து கேளுங்கள். மூளைக்காய்ச்சல் வந்து தேறிய பிள்ளைக்கு இன்னும் அவசரம். சில பிள்ளைகளுக்கு உட்காது எலும்பாக இறுகத் தொடங்கும். பிந்தினால் சத்திரசிகிச்சை செய்து உட்காதுக்குள் வைக்கும் கேட்டல் கருவியைப் பொருத்துவதே கடினமாகிவிடும்.

“எங்கட பரம்பரையில ஒருத்தருக்கும் இப்பிடி இல்லை” என்ற பேச்சும் கேட்டிருப்பீர்கள். 1000 பிறப்புக்கு 1 முதல் 3 குழந்தைகள் நிரந்தரக் கேட்டல் குறைவோடு பிறக்கிறார்கள். அவர்களில் 100க்கு 90க்கு மேல் நன்றாகக் காது கேட்கும் தாய் தகப்பனின் பிள்ளைகள். இருவரும் ஒரே பழுதை வெளியே தெரியாமல் சுமந்திருந்தால் அது பிள்ளையில் வெளிப்படலாம். மச்சான் மச்சாள் கலியாணத்தில் அதற்கு வாய்ப்புக் கூட.

பிறந்தபோது பாஸ் என்றால் என்றைக்கும் பாஸ் என்று எண்ணவும் கூடாது. கருவில் தொற்றிய சில வைரசுகளாலும் பரம்பரைக் காரணங்களாலும் கேட்டல் பிறகும் குறையலாம். கிளினிக் கொப்பியில் கேட்டல் பற்றிய கேள்விகளுக்கு மிட்வைஃப் வரும் நாளில் அவசரமாகச் சரி போட்டுவிடாதீர்கள். தடிமனுக்குப் பிறகு ரிவிச் சத்தத்தைக் கூட்டும் முன்பள்ளிப் பிள்ளைக்கு நடுக்காதில் நீர் கட்டியிருக்கலாம். காதுக்குள் விடும் காய்ச்சிய நல்லெண்ணெய் அந்த நீரைத் தொடவே தொடாது. செவிப்பறை குறுக்கே நிற்கிறது. நாக்கில் வசம்பு உரசித் தடவினால் பேச்சு வரும் என்பதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை.

“பரிசோதிச்சாக் கைதடிக்கு அனுப்பிப் போடுவினம்” என்று பயந்தே போகாதவர்கள் உண்டு. கைதடி நவீல்ட் பாடசாலை இப்படிப்பட்ட பிள்ளைகளை நெடுங்காலமாகப் படிப்பிக்கும் இடம். அதில் பயப்பட ஒன்றுமில்லை. வேளைக்குக் கருவி போட்டுப் பயிற்சி கிடைத்த பிள்ளைகள் பலர் ஊர்ப் பள்ளிக்கூடத்திலேயே படிக்கிறார்கள். ஒளிப்பதால்தான் அந்த வழி அடைபடுகிறது.

கடைசியாக, எங்களையே ஏமாற்றிய ஒரு சின்ன விஷயம். ஏ.பி.ஆர். எடுக்கப் பிள்ளை அசையாமல் நித்திரை கொள்ள வேண்டும். முதல்முறை சாவகச்சேரியில் இருந்து பஸ்ஸில் வரும்போது நன்றாகத் தூங்கிவிட்டு, பரிசோதனை அறையில் ஒட்டிகளைப் பிடுங்கி விளையாடினான். வேறு திகதி தந்து அனுப்பினார்கள். அடுத்த முறை அக்கா அவனை விடியவே எழுப்பிவிட்டா. நாவற்குழிப் பாலத்தில் கண் சொருகும்போதெல்லாம் கிச்சுக்கிச்சு மூட்டினா. அறைக்குள் போய்த்தான் பால் கொடுத்தா.